'லாகின் அவரிடம்தான் இருக்கிறது' என்ற பதில் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னையில் எந்தக் கவுண்டரில் நின்றாலும் இப்போது அடிக்கடி காதில் விழும் பதில், "சார் லீவு, அவர் லாகின்லதான் இது ஆகும், நாளைக்கு வாங்க" என்பதுதான். கூட்டுறவுச் சங்கம், மருத்துவமனை பில் கவுண்டர், பள்ளி அலுவலகம், கம்பெனி கேட் என்று இடம் மாறும், பதில் மாறாது. வந்தவர்களும் கம்ப்யூட்டர் சமாச்சாரம், நமக்கென்ன தெரியும் என்று வீடு திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு முடிவு இருக்கிறது. யாரோ ஒரு மனிதர் எடுத்த முடிவு, அல்லது எடுக்காமல் விட்ட முடிவு. அதை விளக்கத்தான் எழுதுகிறேன். கடிதம் நீளம். இடம் போதவில்லை என்றால் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், சட்டங்களைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் தண்டையார்பேட்டைக்காரி. மணலி பக்கம், கப்பல் சரக்குப் பெட்டிகளை வைத்து அனுப்பும் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறேன். பி.காம். முடித்து பில்லிங் பிரிவில் சேர்ந்தவள். இப்போது அந்த யார்டின் மென்பொருளில் யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம், யார் எதற்கு ஒப்புதல் தரலாம் என்று பதிந்து பராமரிப்பது என் பொறுப்பு. கம்ப்யூட்டர் பட்டம் எதுவும் என்னிடம் கிடையாது. இந்த வேலைக்கு அது தேவையும் இல்லை, அலுவலகத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்தான் இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் யார்டுக்குள் வரும் ஒரு பெட்டி வெளியே போவதற்குள் பலர் கை மாறுகிறது. கேட்டில் இருப்பவர் வண்டி எண், பெட்டி எண், சீல் எண் மூன்றையும் பதிவார். சர்வேயர் பெட்டியில் அடிபட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து எழுதுவார். சுங்கத்துறை விடுவித்த பிறகு, இறக்குமதி செய்தவருக்காகச் சரக்கை எடுக்கும் கிளியரிங் ஏஜென்ட், பெட்டியைக் கொடுக்கலாம் என்ற டெலிவரி ஆர்டரோடு வருவார். பில்லிங்கில் தரை வாடகையும் ஏற்று இறக்குக் கூலியும் கணக்குப் போடுவார்கள். பணம் வந்ததும் கேட் பாஸ் அச்சாகும். அதைச் சரிபார்த்து கேட்டில் 'அவுட்' போட்டால்தான் டிரெய்லர் நகரும். இவ்வளவும் ஒரே மென்பொருளுக்குள் நடக்கிறது. ஒவ்வொரு ஊழியருக்கும் தனித்தனியாக உட்கார்ந்து இது உனக்கு, இது உனக்கில்லை என்று டிக் போட்டுக்கொண்டிருந்தால் விடியாது. அதனால் 'கேட்', 'சர்வே', 'பில்லிங்', 'கணக்கு', 'மேலாளர்' என்று குழுக்கள் வைத்து, உரிமைகளைக் குழுவுக்குக் கொடுத்துவிட்டு, ஆட்களைக் குழுவில் சேர்க்கிறோம். புதிதாக ஒருவர் வேலைக்கு வந்தால் குழுவில் பெயரைச் சேர்த்தால் போதும், வேலையை விட்டுப் போனால் எடுத்தால் போதும்.

இந்த முறை உலகம் முழுக்க இருப்பது. 1992-ல் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் ஃபெரையோலோவும் ரிச்சர்டு கூனும் இதை முறைப்படுத்தி எழுதினார்கள். 2004-ல் அங்கே அது ஒரு தேசியத் தரமாகவே ஏற்கப்பட்டது. வங்கி, மருத்துவமனை, ரயில் முன்பதிவு என்று பெரிய அமைப்புகள் எதை எடுத்தாலும் இதன் ஏதோ ஒரு வடிவம் உள்ளே இருக்கும்.

ஆனால் சிக்கல் குழுவில் சேர்ப்பதில் இல்லை. ஒரே ஆள் இரண்டு குழுக்களில் இருக்கும்போதுதான் எல்லாம் தொடங்குகிறது. இரவு ஷிப்டில் ஆள் குறைவு. கேட்டில் இருப்பவரே பில்லும் போட வேண்டி வரும். ஒரு குழு 'செய்யலாம்' என்கிறது, இன்னொரு குழு 'செய்யக்கூடாது' என்கிறது. எது வெல்லும்? பயன்படுத்துகிறவர்களில் பெரும்பாலானோர் இதை யோசித்ததே இல்லை. மென்பொருளை வாங்கியவர்களும் விற்றவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. விடையோ மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடுகிறது.

யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தை எடுத்துக்கொள்ளுங்கள், இன்றைய லினக்ஸுக்கும் அதே வழிதான். அங்கே ஒரு கோப்புக்கு உரிமையாளர், குழு, மற்றவர்கள் என்று மூன்று நிலை. கேட்பவர் உரிமையாளரா என்று முதலில் பார்க்கும். ஆம் என்றால் உரிமையாளருக்கு என்ன கொடுத்திருக்கிறதோ அதோடு முடிந்தது, மேலே பார்க்காது. உரிமையாளர் இல்லை, குழுவில் இருக்கிறார் என்றால் குழுவுக்கு உள்ளதுதான். ஆகவே எல்லாருக்கும் படிக்கும் உரிமை கொடுத்து, ஒரு குழுவுக்கு மட்டும் அதை எடுத்துவிட்டால், அந்தக் குழுவில் இருப்பவர் மட்டும் படிக்க முடியாமல் நிற்பார், வெளியாள் படித்துக்கொண்டிருப்பார். விண்டோஸில் கணக்கு வேறு. அந்தக் கோப்பிலேயே நேரடியாகப் போட்ட மறுப்பு முதலில் வரும், அடுத்து நேரடியாகக் கொடுத்த அனுமதி, அதற்கடுத்துதான் மேலே உள்ள ஃபோல்டரிலிருந்து இறங்கிவரும் மறுப்பு, கடைசியாக இறங்கிவரும் அனுமதி. அதாவது மறுப்பு எப்போதும் ஜெயிக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், ஆனால் மேலே போட்ட மறுப்பை கீழே ஒரு கோப்பில் நேரடியாகக் கொடுத்த அனுமதி தாண்டிவிடும். இணையம் வழியாகக் கணினிகளை வாடகைக்குத் தரும் அமேசானின் கிளவுடு சேவையில் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. வெளிப்படையாக எங்கே மறுத்திருந்தாலும் அது வென்றுவிடும், எதுவுமே சொல்லாவிட்டாலும் மறுப்புதான்.

எண் போட்டு முன்னுரிமை வைக்கும் மென்பொருள்கள் இன்னும் குழப்பம். ஒரு நிறுவனத்தின் லாகின்களை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியில் குழுவுக்குக் குழு வேறு பாஸ்வேர்டு விதி வைக்கலாம். ஒருவருக்கு இரண்டு குழுவின் விதிகள் வந்தால் சிறிய எண் உள்ள விதி செல்லும். அந்த ஆளின் பேரிலேயே நேரடியாக ஒரு விதி இருந்தால் குழு விதிகள் எதுவும் எடுபடாது. எங்கள் யார்டு மென்பொருளில் நேர் எதிர், பெரிய எண்தான் மேலே. முன்பு வேறு இடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவர், முக்கியமான குழு என்பதால் 'மேலாளர்' குழுவுக்கு 1 என்று போட்டு வைத்திருந்தார். அவர் போட்டது அவர் பழகிய முறைக்குச் சரி. இங்கே அது எல்லாவற்றுக்கும் அடியில் போய்விட்டது.

இதனால் என்ன ஆகிறது என்று கேட்பவர்களுக்கு எங்கள் யார்டில் நடந்ததைச் சொல்கிறேன். பயிற்சிக்கு வந்த பையன் ஒருவனை 'பயிற்சி' என்ற குழுவில் வைத்திருந்தார்கள். தெரியாமல் வண்டியை அனுப்பிவிடக் கூடாது என்று அந்தக் குழுவுக்கு 'அவுட்' போடுவதை வெளிப்படையாக மறுத்திருந்தார்கள். பயிற்சி முடிந்து அவனை 'கேட்' குழுவில் சேர்த்தார்கள். 'பயிற்சி' குழுவிலிருந்து எடுக்கவில்லை. பகல் ஷிப்டில் பக்கத்தில் சீனியர் இருந்ததால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. முதன்முதலாக இரவு ஷிப்டில் அவன் தனியாக நின்றபோது ஒரு வண்டியைக்கூட வெளியே அனுப்ப முடியவில்லை. திரையில் ஆங்கிலத்தில் 'அனுமதி இல்லை' என்று ஒரு வரி, அவ்வளவுதான். எந்தக் குழு தடுக்கிறது, யாரிடம் கேட்க வேண்டும், ஒன்றும் கிடையாது.

மணலி, எண்ணூர் சாலைகளில் டிரெய்லர் நிற்கும் வரிசையை உங்கள் வாசகர்கள் பார்த்திருப்பார்கள். அதில் நிற்கும் டிரைவருக்கு ட்ரிப் கணக்கில் காசு. அன்று இரவு நின்ற வண்டிகளுக்குப் பணம் கட்டியாகிவிட்டது, கேட் பாஸ் கையில் இருக்கிறது, பெட்டி வண்டியில் ஏறியாகிவிட்டது. டீக்கடைகூட மூடிய நேரத்தில், கழிப்பறை வசதி இல்லாத ரோட்டோரத்தில், காரணம் தெரியாமல் நின்றார்கள். பகலில் கனரக வண்டிகளுக்கு நகருக்குள் நேரக் கட்டுப்பாடு உண்டு. இரவில் நகர முடியாத வண்டிக்கு மறுநாளும் வீண். கப்பல் கம்பெனியின் காலிப் பெட்டியை நேரத்துக்குத் திருப்பாவிட்டால் வாடகை ஏறும், அதை யார் கட்டுவது என்று ஏஜென்டும் இறக்குமதி செய்தவரும் சண்டை போடுவார்கள்.

கடைசியில் சூப்பர்வைசர் தூக்கத்திலிருந்து எழுந்து தன் பாஸ்வேர்டைப் போனில் சொன்னார். வண்டிகள் போயின. அப்புறம்தான் பெரிய கேடு. அந்தப் பாஸ்வேர்டு கேட் ரூம் சுவரில் பேனாவால் எழுதப்பட்டுவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, அடுத்த முறை அவரை எழுப்ப வேண்டாமே என்ற நல்ல எண்ணம்தான். பிறகு ஒரு நாள், அவர் பெயரில் தரை வாடகையில் தள்ளுபடி கொடுத்த பில்கள் தணிக்கையில் வந்தன. அவர் கொடுக்கவே இல்லை. ஆனால் மென்பொருளின் பதிவில் அவர் பெயர், அவர் லாகின், நேரம் எல்லாம் அச்சாக இருக்கிறது. பல வருடம் நேர்மையாக வேலை பார்த்த மனிதர் தலைகுனிந்து மேலாளர் அறையில் நின்றதை நான் பார்த்தேன். அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருந்தார் என்று நிரூபிக்க வேண்டிய நிலை அவருக்கு. தன் பாஸ்வேர்டைக் கொடுத்தது அவர் தவறுதான் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றிரவு வேறு எந்த வழியை அலுவலகம் அவருக்கு வைத்திருந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 'நியூ 2', 'டெம்ப்', 'எல்லாம்' என்ற பெயர்களில் குழுக்கள். ஒரு குழுவுக்கு, எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவருடைய பெயரே வைக்கப்பட்டிருந்தது. அவருக்கு எந்தெந்த உரிமை வேண்டும் என்று யோசித்துச் செய்த குழு, அவருக்கு அப்புறம் அவர் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அதில் சேர்த்திருக்கிறார்கள். வேலை மாறியிருக்கிறது, குழு மாறவில்லை. இறந்துபோன ஒரு ஊழியரின் லாகின்கூட உயிரோடு இருந்தது, அதில் யாரோ தினமும் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். இதைப் படிக்கும் எந்த அலுவலகத்தின் பொறுப்பாளரும் தன் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும்.

நாங்கள் எடுத்த முதல் முடிவு, 'மறுப்பு' என்ற டிக்கைக் கூடியவரை தொடுவதே இல்லை என்பது. ஒரு உரிமையைக் கொடுக்காமல் காலியாக விடுவதற்கும், வெளிப்படையாக மறுப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. காலியாக விட்டால் அவருக்கு அது இல்லை. நாளை இன்னொரு குழு வழியாகக் கொடுக்கலாம். மறுப்பு போட்டுவிட்டால் அது ஒளிந்திருந்து, பிறகு கொடுக்கும் எல்லா உரிமையையும் பிடித்து இழுக்கும். பல கல்லூரிகள் பாடம் நடத்தப் பயன்படுத்தும் மூடுல் மென்பொருளில் இதை நன்றாக யோசித்துச் செய்திருக்கிறார்கள். 'அனுமதி', 'தடு' இரண்டுக்கும் மேலே, வேறு எங்கும் மாற்ற முடியாத 'அறவே தடை' என்று தனி நிலை வைத்து, அதை அபூர்வமாகத்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறார்கள். அடுத்து, ஒருவர் வேலை மாறினால் முதலில் பழைய குழுவிலிருந்து எடுப்போம், பிறகுதான் புதியதில் சேர்ப்போம். எடுத்ததைச் சோதித்துப் பார்க்காமல் ஷிப்டுக்கு அனுப்புவதில்லை. அவருடைய லாகினிலேயே அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, செய்ய வேண்டியதைச் செய்ய முடிகிறதா, செய்யக்கூடாததைச் செய்ய முடியாமல் இருக்கிறதா, இரண்டையும் பார்ப்போம். இரண்டாவதைப் பலர் பார்ப்பதே இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சம்பளப் பட்டியலையும் லாகின் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறோம். சம்பளம் வாங்காத ஆளுக்கு லாகின் இருக்கக் கூடாது. இதற்குச் செலவு என்று எதுவும் இல்லை, ஒரு மதியம் போதும்.

மேலிடத்தில் சம்மதம் வாங்குவதுதான் கஷ்டம். எங்கள் உரிமையாளர் பெரியவர், நல்லவர். போட்ட பில்லை மாற்றும் உரிமையை அவருடைய லாகினிலிருந்தும் எடுக்க வேண்டும் என்றேன். "ஏம்மா, கம்பெனியே என்னுது, எனக்கே பூட்டா?" என்று கேட்டார். "பார்க்கிறதுக்கு எந்தப் பூட்டும் இல்ல சார், எல்லாத்தையும் நீங்க பார்க்கலாம். போட்ட பில்லை மாத்தறதுக்கு மட்டும்தான். உங்க லாகினை யாராவது எடுத்துட்டா அவங்க கையில என்ன போகும்னு பாருங்க" என்றேன். அவர் பையன் அவருடைய போனில் இருந்தே உள்ளே போவது அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சரி, எடுத்துடு" என்றார். மேலே இருப்பவருக்கு எல்லா உரிமையும் கொடுப்பது மரியாதை என்று நினைக்கும் பழக்கம் நம் அலுவலகங்களில் ஊறியிருக்கிறது. அவருக்கு நாம் காட்டும் மரியாதை அவர் பெயரைக் காப்பதில் இருக்கட்டும்.

பில் போடுபவரும் அதற்கு ஒப்புதல் தருபவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி. வங்கிகளில் இது அடிப்படை. 2018-ல் வெளியே வந்த பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பை பிராடி ஹவுஸ் கிளை மோசடியில், வெளிநாட்டுக்குச் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் முறை வங்கியின் முதன்மை மென்பொருளோடு இணைக்கப்படாமல் இருந்ததை நாடே பேசியது. ஒரு இடத்தில் செய்ததை இன்னொரு இடம் பார்க்கவில்லை. ஆனால் நாலு பேர் மட்டும் வேலை செய்யும் அலுவலகத்தில் இரண்டு குழுவுக்கும் தனித்தனி ஆள் வைக்க முடியாது என்பதும் உண்மை. அதற்கும் வழி இருக்கிறது. ஒருவர் இரண்டு குழுவிலும் இருக்கட்டும், ஆனால் தான் போட்ட பில்லுக்குத் தானே ஒப்புதல் தர முடியாதபடி மென்பொருள் நிறுத்தட்டும். மற்றவர் போட்டதற்குத் தரலாம். விற்பவரிடம் கேட்டால் செய்து தருகிறார்கள். நாங்கள் கேட்டோம், கிடைத்தது.

இனி கவுண்டருக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் வீட்டுச் செலவுக்கு நகையை வைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். அக்காவும் ஒரு சங்கத்தில் வைத்திருந்தார். படகு இறங்கி, பணம் சேர்ந்து, மகளின் வளைகாப்புக்கு நகையை மீட்கப் போனார். பணம் முழுசாகக் கையில் இருக்கிறது. "செயலாளர் மாறிட்டாரு, ரிலீஸ் பண்றது அவர் லாகின்லதான் வரும், புதுசா வந்தவருக்கு இன்னும் வரல" என்றார்கள். திரும்பத் திரும்ப நடந்தார். ஒருநாள் நானும் கூடப் போனேன். புதிய செயலாளர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பணி ஆணை சுவரில் ஒட்டியிருக்கிறது. காகிதத்தில் அதிகாரம் வந்துவிட்டது, மென்பொருளில் வரவில்லை. "தம்பி, இவங்க பொண்ணுக்கு வளைகாப்பு. நீங்க வர்ற வரைக்கும் பொறுப்புல யாரு இருந்தாங்க?" என்று கேட்டேன். பொறுப்பில் ஒருவரைப் போட்டிருந்தார்கள், அதுவும் காகிதத்தில் மட்டும். வட்டி மட்டும் நிற்காமல் ஓடியது. அதற்கு யாருடைய ஒப்புதலும் தேவைப்படவில்லை. அக்கா கவரிங் நகையோடு வளைகாப்பை நடத்தினார்.

இந்த ஒன்று மட்டும் எல்லா அலுவலகத்திலும் நடந்துவிட்டால் போதும் என்று நினைக்கிறேன். ஒப்புதல் தரும் ஒவ்வொரு உரிமைக்கும் 'பொறுப்பு' என்று ஒரு குழு இருக்க வேண்டும். லீவு போடும்போதோ மாற்றலாகிப் போகும்போதோ அந்தக் குழுவில் ஒருவரை, தொடங்கும் தேதி, முடியும் தேதி போட்டுச் சேர்க்க வேண்டும். முடியும் தேதி வந்ததும் உரிமை தானாக விழ வேண்டும். எங்கள் யார்டில் லீவு விண்ணப்பத் தாளிலேயே 'பொறுப்பில் யார்' என்ற கட்டம் இருக்கிறது. அது காலியாக இருந்தால் மேலாளர் கையெழுத்துப் போட மாட்டார். அதையும் மீறி ஒரு அவசரம் வந்தால், ஒரு அவசர லாகின் உறையில் ஒட்டி கணக்குப் பிரிவு அலமாரியில் இருக்கிறது. இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுத்தான் பிரிக்கலாம், மறுநாளே பாஸ்வேர்டு மாறும். இரண்டு பேர் சேர்ந்தால்தான் திறக்கும் என்ற இந்த யோசனையும், இல்லை என்பதில் தொடங்கி வேண்டியதை மட்டும் கொடு என்ற யோசனையும், 1975-லேயே ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இருவர் கணினிப் பாதுகாப்பு பற்றிய கட்டுரையில் எழுதிவைத்தவை. ஐம்பது ஆண்டாகத் தெரிந்த விஷயம் ஒரு நகைக் கடன் கவுண்டருக்கு வந்து சேரவில்லை.

உரிமை கிடைக்காமல் நிற்பது ஒரு பக்கம். எல்லாருக்கும் எல்லாம் திறந்துகிடப்பது மறுபக்கம், என்னைக் கேட்டால் அது இன்னும் மோசம். தடுத்தால் சத்தம் வரும், யாராவது வந்து சரிசெய்வார்கள். திறந்துகிடந்தால் யாருக்கும் தெரியாது. வடசென்னையில் ஒரு சின்ன பரிசோதனை நிலையத்தின் முன்மேசையில் இருக்கும் பெண் அநேகமாக அடுத்த தெருவில் குடியிருப்பவள். பழைய வண்ணாரப்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு தெருவில் யார் வீட்டில் யாருக்கு என்ன என்று எல்லாருக்கும் தெரியும். அந்த மேசையில் பில் போடவும் சீட்டு அச்சடிக்கவும் மட்டும் உரிமை இருந்தால் போதும். பரிசோதனை முடிவைப் படிக்கும் உரிமை எதற்கு? திருமணமாகாத பெண்ணின் கர்ப்பப் பரிசோதனை, ஒருவரின் எச்.ஐ.வி. பரிசோதனை, இவையெல்லாம் தெருவுக்குத் தெரிந்தால் அந்தக் குடும்பம் அங்கே எப்படி வாழும்? முன்மேசைப் பெண்ணைக் குறை சொல்லவில்லை. கண்முன் வந்து நிற்பதைப் படிக்காதே என்று ஒருவரிடம் சொல்வதைவிட, அது அவர் திரைக்கு வராமல் செய்வது அவருக்கும் நல்லது.

இதற்குச் சட்டம் வந்துவிட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, மக்களின் விவரங்களை வைத்திருப்பவர்கள் தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்கிறது. தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள், யார் உள்ளே போகலாம் என்பதற்குக் கட்டுப்பாடும், யார் பார்த்தார்கள் என்ற பதிவும் வேண்டும் என்று சொல்கின்றன. அவை படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன் 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கேட் ரூம் சுவரில் பாஸ்வேர்டு எழுதுபவர்களுக்கு இது தெரியாது.

என் முக்கியமான கோரிக்கை இன்னொரு சட்டத்தைப் பற்றியது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் 4(1)(ஆ) பிரிவு, ஒவ்வொரு அரசு அலுவலகமும் தன் அதிகாரிகள், ஊழியர்களின் அதிகாரங்களையும் கடமைகளையும் தானே முன்வந்து வெளியிட வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் வந்தபோது அதிகாரம் என்பது கையெழுத்திலும் முத்திரையிலும் இருந்தது. இன்று அது மென்பொருளில் ஒரு குழுவின் உரிமையாக இருக்கிறது. ஆகவே இந்தச் சான்றிதழுக்கு எந்தப் பதவியில் இருப்பவர் ஒப்புதல் தருவார், அவர் இல்லாதபோது எந்தப் பதவி என்பதையும் அந்த வெளியீட்டில் சேர்க்க வேண்டும். பாஸ்வேர்டையோ ஆட்களின் பெயரையோ கேட்கவில்லை. பதவியையும் மாற்றுப் பதவியையும் மட்டும், தமிழில், கவுண்டருக்கு மேலே ஒரு பலகையில். அரசு கணிசமாக நிதி தராத, அரசின் கணிசமான கட்டுப்பாட்டில் இல்லாத கூட்டுறவுச் சங்கங்கள் இந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2013-ல் ஒரு கேரள வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படிப்பட்ட இடங்களில் உறுப்பினர்கள் பொதுப்பேரவையில் எழுந்து இதே கேள்வியைக் கேட்கலாம். லாபம் எவ்வளவு, பங்கு ஈவு எவ்வளவு என்று கேட்கும் கூட்டம்தானே, செயலாளர் இல்லாத நாளில் நகையை யார் விடுவிப்பார் என்றும் கேட்கட்டும்.

மென்பொருள் எழுதும் பிள்ளைகள் வடசென்னையில் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். திருவொற்றியூரிலும் வியாசர்பாடியிலும் இருந்து தினமும் பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போய்வருகிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தடுக்கும்போது 'அனுமதி இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒற்றை வரியில் நிறுத்தாதீர்கள். 'பயிற்சி குழுவில் இருப்பதால் இதைச் செய்ய முடியாது, இரவு மேற்பார்வையாளரை அழைக்கவும்' என்று தமிழில் ஒரு வரி எழுதியிருந்தால் அன்றிரவு அந்தப் பையன் இரண்டே நிமிடத்தில் விஷயத்தைக் கண்டுபிடித்திருப்பான். அந்த சூப்பர்வைசர் தன் பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டியே வந்திருக்காது. உள்ளே இருக்கும் விவரத்தை வெளியாட்களுக்குக் காட்டக் கூடாது என்பது எனக்கும் தெரியும். உள்ளே நுழைந்துவிட்ட ஊழியருக்குச் சொல்வதில் தடை இல்லை. அதோடு, இரண்டு குழு மோதினால் எது வெல்லும் என்பதை உதவிக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒளித்துவைக்காமல், ஆளைச் சேர்க்கும் திரையிலேயே காட்டுங்கள். இவரைச் சேர்த்தால் இவருக்கு மொத்தத்தில் என்னென்ன வரும், என்னென்ன போகும் என்று சேர்ப்பதற்கு முன்பே ஒரு பட்டியல் வர வேண்டும்.

எங்கள் யார்டில் பயன்படுத்தும் ஒருபக்கத் தாளின் நகலை, நிறுவனத்தின் சம்மதத்தோடு, பெயர்களை நீக்கி இத்துடன் இணைத்திருக்கிறேன். இடது பக்கம் வேலை, நடுவில் எந்தக் குழு, வலது பக்கம் அவர் இல்லாதபோது யார், கீழே கடைசியாகச் சரிபார்த்த தேதி. லீவு விண்ணப்பத்தின் மாதிரியும் இருக்கிறது. எந்தச் சங்கமோ பள்ளியோ மருத்துவமனையோ கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே நேரில் வந்து விளக்கவும் தயார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை-81.
(பெயரும் முகவரியும் ஆசிரியர் பார்வைக்கு மட்டும்)